ரூட்டர் மாப்பிள்ளை

இந்த பஸ்ல வைஃபைன்னு எழுதிப் போட்டிருக்கானே, அது வேலை செய்யாது சார். விட்டுருங்க. ஏறின உடனே பார்த்துட்டேன். டிரைவர் தலைக்கு மேல ஒரு கறுப்பு டப்பா தெரியுதா? பச்சை விளக்கு விட்டு விட்டு எரியுதா? அப்படி எரிஞ்சா அது உள்ள முழிக்கலைன்னு அர்த்தம். முழிக்கப் பார்க்கும், முடியாம படுத்துக்கும், மறுபடி முழிக்கப் பார்க்கும். பூட் ஆகலைன்னு சொல்லுவோம். இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. மதுரையில 'ரூட்டர் மாப்பிள்ளை'ன்னு கேட்டுப் பாருங்க. சிங்கப்பூர்லகூடத் தெரியும்.

பெருமைக்குச் சொல்லல சார். மனசுல ஒரு குறை இருக்கு. என் சம்சாரம் சம்பந்தப்பட்டது. நீங்க மூணாம் மனுசர், கேட்டுட்டு நியாயம் எந்தப் பக்கம்னு சொல்லுங்க.

என் பேரு ஜெயசீலன். சென்னையில ஒரு கம்பெனியில இருந்தேன். நெட்வொர்க் பிரிவு. சரியாச் சொன்னா அதுக்குப் பக்கத்துப் பிரிவு, பில் போடுறது. ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்ணாடிதான். ரேணுகாவுக்குத் தலைப்பிரசவம், மதுரைக்கு அவங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டா. அந்தச் சமயம் பார்த்து கம்பெனியில ஆள் குறைச்சாங்க. எல்லாரும் வேலை போயிருச்சுன்னு அழுதானுங்க. நான் அழல. நான் அதை ஒரு இடைவெளியா எடுத்துக்கிட்டேன். பிள்ளை பிறக்கிற நேரம் அப்பன் பக்கத்துல இருக்க வேண்டாமா? பெட்டியைக் கட்டிட்டு நானும் மதுரைக்கு வந்துட்டேன்.

மாமனார் வீடு சின்ன வீடுதான். மாமா அதிகம் பேச மாட்டார். அத்தை, சகுந்தலான்னு பேரு, அவங்க சும்மா இருக்க மாட்டாம சுங்குடிச் சேலை விப்பாங்க. கடை கிடையாது, போன்லதான். தினம் மத்தியானம் போனை ஸ்டாண்டுல மாட்டி லைவ் போடுவாங்க. 'பாருங்கம்மா, இது அரக்கு, இது கிளிப்பச்சை, கையால முடிஞ்சு சாயம் போட்டது'ன்னு விரிச்சுக் காட்டுவாங்க. பார்க்கிற பொம்பளைங்க 'எனக்கு அரக்கு'ன்னு எழுதுவாங்க. மாமா மடிச்சு பார்சல் போடுவார். ஏதோ பொழுதுபோக்கு. வீட்டுச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எப்படி நடக்குதுன்னு நான் கேட்டதில்ல, மாப்பிள்ளை அதெல்லாம் கேட்கக் கூடாது. மாமாவோட பென்ஷனா இருக்கும்.

ஒரு நாள் லைவ் பாதியில நின்னுருச்சு. அத்தை சேலையைத் தூக்கிப் பிடிச்சபடி சிலை மாதிரி நிக்கிறாங்களாம், மறுபக்கம் அப்படித்தான் தெரியுதாம். மறுநாளும் அப்படியே. 'மாப்பிள்ளை, நெட்டுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலையே'ன்னாங்க. அந்த நேரத்துல நான் மாடியில சில படம் இறக்கிக்கிட்டிருந்தேன், அது வேற விஷயம். நான் கோளாறு எங்கன்னு உடனே கண்டுபிடிச்சேன். ரூட்டர்!

ரூட்டருக்குள்ள ஒரு மென்பொருள் இருக்கும் சார். ஃபெர்ம்வேர்னு பேரு. அதுதான் அதுக்கு உயிர். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுக்கிறது அரைகுறை, அதோட நாம என்ன பார்க்கிறோம்னு எட்டிப் பார்க்கிற ஆளு. ஆனா உலகம் பூரா இருக்கிற நல்லவங்க சேர்ந்து எழுதி இலவசமா விட்டிருக்காங்க இன்னொண்ணு. ஓப்பன் சோர்ஸ். யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம். பழைய உயிரை எடுத்துட்டு இந்த உயிரை ஊத்தணும். அவ்வளவுதான் வேலை.

ரேணுகா அன்னைக்கே சொன்னா, 'வேணாங்க, ஓடுறதை ஏன் நோண்டுறீங்க?' அவளும் பி.இ. தான் சார். ஆனா இந்தத் துறை இல்ல, சிவில்.

ஃபைலை இறக்கினேன். ரூட்டருக்குள்ள அனுப்பினேன். 'இந்த ஃபைல் உங்கள் பெட்டிக்குப் பொருந்தாது'ன்னு ஒரு எச்சரிக்கை வந்துச்சு. கம்பெனிக்காரன் பயமுறுத்துறான்னு எனக்குப் புரியாதா? 'பரவாயில்லை, போடு'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினேன். விளக்கெல்லாம் அணைஞ்சுச்சு. அப்புறம் ஒரு விளக்கு மட்டும் எரிஞ்சுச்சு, அணைஞ்சுச்சு, எரிஞ்சுச்சு, அணைஞ்சுச்சு. சாயங்காலம் வரைக்கும் அதே.

அத்தை கடைக்குப் போய் அதே மாடல்ல புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, பழைய பெட்டி வயசானது, அதான் தாங்கல. புதுசு தாங்கும். அவங்க குளிக்கப் போனப்ப அதுலயும் அதே ஃபைலை ஊத்தினேன்.

அதுவும் படுத்துக்கிச்சு.

இந்தத் தடவை அத்தை கொஞ்ச நேரம் ரெண்டு பெட்டியையும் பார்த்துக்கிட்டே நின்னாங்க. 'சரி மாப்பிள்ளை, நான் போன் நெட்டுலயே போட்டுக்கிறேன்'னாங்க. அப்படி ஒரு பொறுமை சார் அவங்களுக்கு. ஆனா அந்த வீட்டுல போன் சிக்னல் ஹால் ஜன்னல் பக்கம் மட்டும்தான் எடுக்கும். நான் அங்கதான் மேஜை போட்டு வேலையை ஆரம்பிச்சிருந்தேன். அதனால அத்தை முன்னாடி நின்னு சேலை காட்டுறப்ப, பின்னாடி நான் தெரிவேன். வேற வழி இல்ல.

ரூட்டரைத் திறந்துட்டேன். உள்ள ஒரு பச்சை போர்டு. அதுல ஓரமா சின்னதா நாலு முனை இருக்கும், அதுதான் அதோட வாய். அதுல கம்பி மாட்டி கம்ப்யூட்டர்ல சொருகினா, போர்டு முழிக்கிறப்ப என்ன முனகுதுன்னு எழுத்தா வரும். டவுன் ஹால் ரோட்ல அந்தக் கம்பியை வாங்கிட்டு வந்து மாட்டினேன். ஒண்ணுமே வரல. யோசிச்சுப் பார்த்தா, அது பேசுற முனையை நம்ம கேட்கிற முனையில மாட்டணும், நான் பேசுற முனையைப் பேசுற முனையில மாட்டியிருந்தேன். ரெண்டு பேரும் பேசினா யார் கேட்கிறது? மாத்தி மாட்டினேன். எழுத்து வந்துச்சு, ஆனா எல்லாம் கேள்விக்குறி, கட்டம், கிறுக்கல். வேகம் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். வேகத்தை மாத்தினேன். பளிச்சுன்னு வரி வரியா இங்கிலீஷ் ஓட ஆரம்பிச்சுச்சு பாருங்க, எனக்குப் புல்லரிச்சுருச்சு. 'பேசுது! பேசுது!'ன்னு கத்திட்டேன். அத்தை அப்ப மாம்பழ மஞ்சள் சேலையைத் தோள்ல போட்டுக் காட்டிட்டிருந்தாங்க.

போன்ல கமெண்ட் குவிஞ்சிருச்சு. 'யாருக்கா அது பின்னாடி?' 'என்ன பேசுது?' அத்தை சிரிச்சுக்கிட்டே, 'எங்க மாப்பிள்ளைம்மா, ரூட்டரைச் சரி பண்றார்'னாங்க. நான் எட்டி வந்து சுருக்கமா விளக்கினேன். போர்டு ஆரம்பத்துல நல்லாத்தான் முழிக்குது, ஆனா பாதியில தன் சாமானை எங்க வச்சிருக்குன்னு தெரியாம திகைச்சுப் போய் விழுந்துருது, திரும்ப ஆரம்பிக்குது. இதுக்கு 'கர்னல் பேனிக்'னு பேருன்னேன். ஒரு அம்மா, 'எங்க வீட்டுக்காரருக்கும் இது உண்டு'ன்னு எழுதினாங்க. பாருங்க, எவ்வளவு தூரம் புரிஞ்சுக்கிறாங்க!

அன்னைக்கு இருந்த சேலை எல்லாம் வித்துப் போயிருச்சாம்.

மறுநாள் லைவ் ஆரம்பிச்ச உடனே முதல் கமெண்டே, 'அண்ணே, எந்திரிச்சிருச்சா?' அதுக்கு அடுத்த நாளும் அதேதான். தினம் நான் ஒரு புது வழி பார்ப்பேன், அத்தை ரெண்டு சேலைக்கு நடுவுல, 'மாப்பிள்ளை, இன்னைக்கு என்ன நிலவரம்?'னு கேட்பாங்க. நான் சொல்லுவேன். ரீசெட் பட்டனை அழுத்திக்கிட்டே சுவிட்ச் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் செட் டாப் பாக்ஸ் அடாப்டரைப் போட்டுப் பார்த்தேன், ரெண்டாவது போர்டுல லேசாப் புகை வந்துச்சு. அன்னைக்கு மட்டும் எத்தனை பேர் பார்த்தாங்க தெரியுமா? கைதட்டுற பொம்மையாப் போட்டுத் தள்ளிட்டாங்க. 'ரூட்டர் மாப்பிள்ளை'ங்கிற பேர் அன்னைக்கு வந்ததுதான். ஒரு அம்மா துபாய்ல இருந்து, 'உங்களைப் பார்த்தாத்தான்ணே எனக்கு அன்னைக்குப் பொழுது போகுது'ன்னு எழுதினாங்க. அறிவியல் ஆர்வம் சார். நம்ம பொம்பளைங்ககிட்ட அது உள்ளுக்குள்ள இருக்கு, யாரும் தூண்டி விடுறதில்ல.

அத்தைக்கும் என் மேல மதிப்பு கூடிருச்சு. என் மேஜையை அவங்களே கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போட்டாங்க. 'வெளிச்சம் இங்க நல்லா இருக்கு மாப்பிள்ளை.' மாமாவோட சட்டை ஒண்ணை இஸ்திரி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தாங்க. ஒரு நாள் புகை வருமான்னு கேட்டாங்க. வராது அத்தை, இப்ப சரியான அடாப்டர்தான்னேன். 'ஓகோ'ன்னாங்க.

இதுக்கு நடுவுல பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கும் வந்தாச்சு. நல்ல பிள்ளை சார், அழவே அழாது. ரேணுகாதான் மாறிட்டா. பால் கொடுத்துக்கிட்டே போனைப் பார்த்துக்கிட்டிருப்பா. 'என்ன பார்க்கிற?'ன்னா 'கமெண்ட்'ம்பா. 'எல்லாம் படிக்கிறீங்களா நீங்க?'ம்பா. 'படிக்கிறேனே, பாராட்டுத்தானே'ம்பேன். அவ பிள்ளையை மாத்திப் போட்டுக்குவா.

ஒரு தடவை மட்டும் மேஜைகிட்ட வந்து நின்னா. பெட்டியோட அடிப்பாகத்தைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, 'இதுல வி-2ன்னு போட்டிருக்கே. நீங்க இறக்கின ஃபைல் வி-1ன்னுல்ல இருக்கு?'ன்னா. நான், 'அதெல்லாம் கடைக்காரன் ஒட்டுறது, நீ போய்ப் படு'ன்னேன். பிள்ளை பெத்த உடம்பு, ஓய்வு எடுக்க வேண்டாமா?

நான் சும்மா இருக்கல. இந்த ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க கூடிப் பேசுற இணையதளம் ஒண்ணு இருக்கு, அதுல நீளமா ஒரு கட்டுரை எழுதினேன். மென்பொருள் சுதந்திரம் பத்தி, கம்பெனிகளோட அராஜகம் பத்தி, கடைசியில என் போர்டு முழிக்கலைங்கிறது பத்தி. பின்லாந்துல இருந்து ஒருத்தன் பதில் போட்டான். ஒரே வரி. 'பெட்டிக்கு அடியில லேபிள்ல என்ன எழுதியிருக்கு?' எனக்கு வந்ததே கோபம். நான் எவ்வளவு எழுதியிருக்கேன், அவன் என்னைப் பச்சைப் பிள்ளைகிட்ட கேட்கிற மாதிரி கேட்கிறான். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகல.

அப்புறம் ஒரு நாள் எனக்கே ஒரு பொறி தட்டுச்சு சார். ஒரே மாடல்லயே பழைய வடிவம், புது வடிவம்னு இருக்குமே? புதுசுல உள்ள ஞாபக சிப்பைச் சின்னதாக்கியிருப்பானே? பெரிய சிப்புக்கு எழுதின ஃபைலைச் சின்ன சிப்புல ஊத்தினா பாதி வெளியில போயிரும், போர்டு தன் சாமானைத் தேடித் திகைக்கத்தானே செய்யும்? இதை யாரும் எனக்குச் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன். ரெண்டாம் வடிவத்துக்கு உள்ள ஃபைலை இறக்கி, போர்டு முழிக்கிற முதல் நொடியில அதை நிறுத்தி, கம்பி வழியா உள்ள அனுப்பினேன். லைவ்லதான். அத்தைகூட பேச்சை நிறுத்திட்டாங்க. வரி வரியா ஓடுச்சு. வழக்கமா விழுற இடம் வந்துச்சு. விழல. தாண்டிருச்சு. விளக்கு நின்னு எரிஞ்சுச்சு சார், ஆடாம அசையாம. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மாமா முதல் தடவையா வாயைத் திறந்து, 'அடடே'ன்னார்.

ஆனா ஜனங்க எப்படின்னு பாருங்க. நான் ஜெயிச்சா சந்தோஷப்படணுமா இல்லையா? 'அய்யோ, முடிஞ்சு போச்சா?'ன்னு எழுதுறாங்க. 'இனிமே யாரைப் பார்க்கிறது?'ன்னு ஒருத்தங்க. என்னைப் பிரியணுமேன்னு அவ்வளவு வருத்தம். அடுத்தடுத்த நாள் ஆள் குறைஞ்சு போச்சு. சேலை மடிப்புக் கலையாம அப்படியே இருந்துச்சு. தீபாவளி வேற நெருங்குது.

அத்தை யோசிச்சுட்டு வெளிய போனாங்க. பழைய சாமான் கடையில இருந்து ஒரு பை நிறைய ரூட்டரை வாங்கிட்டு வந்து மேஜையில கொட்டினாங்க. 'மாப்பிள்ளை, இதுக்கெல்லாம் நீங்கதான் உயிர் கொடுக்கணும். அவசரம் இல்ல. மெதுவா, லைவ்ல, ஒண்ணொண்ணாப் பண்ணுங்க.' சென்னையில அத்தனை வருசம் இருந்தேன், ஒரு மேனேஜர் என்னை நம்பி ஒரு கம்ப்யூட்டர் மவுஸைக் கொடுத்தது கிடையாது. இந்த அம்மா ஒரு ஆராய்ச்சிக்கூடமே வச்சுக் கொடுத்துட்டாங்க.

அன்னைக்கு அடுப்படியில அம்மாவுக்கும் மகளுக்கும் சத்தம். 'அவரை என்னன்னும்மா நினைச்சுக்கிட்டிருக்க? கூத்துக்காரரா?'ன்னு ரேணுகா கேட்கிறா. 'வீடு நடக்கணும்லடி, பிள்ளைக்கு மருந்து வாங்கினது எதுல?'ன்னு அத்தை. நான் தலையிடல. பொம்பளைங்க சண்டை.

இப்பத்தான் சார் விஷயத்துக்கு வரேன். மறுநாள் லைவ் ஆரம்பிச்சாச்சு. நான் புதுப் போர்டைத் திறந்து வச்சு, இஸ்திரி போட்ட சட்டையில உட்கார்ந்திருக்கேன். கமெண்ட் எல்லாம் 'வந்துட்டார், வந்துட்டார்'னு பறக்குது. அத்தை ஊதாச் சேலையை எடுக்கக் குனியுறாங்க. ரேணுகா பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள இருந்து வந்தா. நேராப் போய் போன் முன்னாடி நின்னா. தலைகூட வாரல சார். நைட்டி மேல ஒரு துண்டு.

'எல்லாருக்கும் வணக்கம். நான் ரேணுகா. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர் என் வீட்டுக்காரர். அவருக்கு வேலை போயிருச்சு. இத்தனை நாளா தினம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறீங்க. ஒரு கமெண்ட் விடாம நான் படிச்சிருக்கேன். யாரையும் அவர் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை திட்டினதில்ல. கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கார். அவருக்கு ஒரு வேலை வேணும். உங்க வீட்டுல, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல ஏதாவது இருந்தா சொல்லுங்க. சேலை நாளைக்கு.'

சொல்லிட்டு போனை அணைச்சுட்டா.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? சிங்கப்பூர், துபாய், எல்லா ஊர் ஜனமும் பார்க்குது. 'வேலை போயிருச்சு'ன்னு போட்டு உடைக்கிறா! இடைவெளின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? எனக்காக ஆசையா வர்றவங்களைப் பார்த்து, 'சிரிக்கிறீங்க'ன்னு பழி வேற. யாரு சார் சிரிச்சா? சந்தோஷத்துல சிரிக்கிறது வேற, இது வேற இல்லையா? 'என் மரியாதையையே வாங்கிட்டியே'ன்னு கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா. 'உங்ககிட்ட எப்படிங்க சொல்றது'ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டா. பிள்ளைதான் அவ தோள்ல இருந்து என்னைப் பார்த்துக்கிட்டே போச்சு.

அத்தை கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை'ன்னாங்க. எதுக்குன்னு எனக்கு விளங்கல. மக பண்ணினதுக்கு இருக்கும். 'பரவாயில்ல அத்தை, இந்த போர்டுக்கு மட்டும் ஒன்பது வோல்ட் அடாப்டர் வேணும்'னேன். அதுக்கு ஏன் அவங்க இன்னும் அழுதாங்கன்னு தெரியல.

நான் உட்கார்ந்து பழைய லைவ் எல்லாத்தையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்படி என்ன சிரிக்கிற மாதிரி இருக்குன்னு பார்க்கணும்ல? ஒண்ணும் இல்ல சார். நான் நல்லாத்தான் பேசியிருக்கேன். மாமா சட்டை மட்டும் எனக்குப் பெருசு, தோள்பட்டை தொங்குது. கொஞ்சம் இளைச்சுட்டேன்போல. கமெண்ட்டை மட்டும் இந்தத் தடவை மூடி வச்சுட்டுப் பார்த்தேன். எழுத்து முகத்தை மறைக்குது, வேற ஒண்ணும் இல்ல.

ஆனா பாருங்க, என் உழைப்பு வீண் போகல. ஈரோட்டுல இருந்து ஒருத்தர் கூப்பிட்டார். செல்லமுத்துன்னு பேரு, பெரிய அளவுல கேபிள், இன்டர்நெட் எல்லாம் வச்சு நடத்துறார். அவர் வீட்டம்மா கோமதி நம்ம லைவைத் தவறாம பார்க்கிறவங்களாம். 'ஏனுங்க, நீங்கதானுங்க அந்த ரூட்டர் மாப்பிள்ளை? நம்ம ஆபீஸுக்கு வந்துருங்க'ன்னார். நான் என் அனுபவத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். போர்டு, கம்பி, பூட் ஆகாம போனா என்னென்ன பார்க்கணும்னு.

'அதெல்லாம் வேண்டாமுங்க, நீங்க ரூட்டரைத் தொடவே வேண்டாம். அதுக்குப் பசங்க இருக்கானுங்க. நெட்டு வரலைன்னா சனங்க போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசுறாங்க. எவனை உட்கார வச்சாலும் ஒரு மாசத்துல திரும்பத் திட்டிட்டு ஓடிப்போயிடறான். உங்களை அத்தன பேர் அத்தன பேசியும் நீங்க மூஞ்சி சுளிக்கலையாமா. வீட்டுல சொல்லிச்சுங்க. நீங்க போனை எடுத்து நிதானமாப் பேசுங்க, அது போதும்'னார்.

வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரின்னு வச்சுக்கங்களேன். நேரா டெக்னிக்கலா எடுத்தா அங்க இருக்கிறவன் பொறாமைப்படுவான்னு யோசிச்சிருக்கார், பெரிய மனுசர். அங்கதான் போய்க்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை சேரணும்.

ரேணுகா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. எனக்கு இன்னும் கோபம் தீரல, அதனால ஜன்னல் வழியா பிள்ளையை மட்டும் கொஞ்சினேன். அவ தண்ணி பாட்டிலைக் கொடுத்துட்டு, 'அங்க போய் எதையும் மாத்திராதீங்க. சொன்ன வேலையை மட்டும் பாருங்க. எனக்காகங்க'ன்னா. சரின்னேன். பஸ் எடுத்த பிறகும் நின்னுக்கிட்டே இருந்தா. வெயில்ல பிள்ளையை வச்சுக்கிட்டு அப்படி நிக்கலாமா? யோசனையே கிடையாது.

நியாயம் சொல்லுங்க சார். எனக்கு வேலை கிடைச்சது என் திறமையால. அவ நடுவுல புகுந்து மானத்தை வாங்கினாளா இல்லையா? சரி, நீங்க சிரிக்கிறீங்க. உங்க வீட்டுலயும் இப்படித்தான்போல.

செல்லமுத்து அண்ணன்கிட்ட நூத்துக்கணக்கான வீட்டுல கனெக்‌ஷன் இருக்காம் சார். எல்லாத்துலயும் அந்தக் கம்பெனி ஃபெர்ம்வேர்தான். பாவம், ஜனங்க அதை வச்சுக்கிட்டு அவஸ்தைப்படுறாங்க. முதல்ல நான் உள்ள போய் உட்கார்ந்துக்கிறேன். நாலு பேர் பழகட்டும். அப்புறம் ஆபீஸ்ல இருந்தபடியே ஒரே நேரத்துல அத்தனை வீட்டுப் பெட்டியையும் மாத்திரலாம், அதுக்கு ஒரு வழி இருக்கு. லேபிள் பார்க்கணும், அது தெரியும் எனக்கு. வீடு வீடா ஏறி இறங்கிப் பார்க்க முடியாது, ஒரு பத்து வீட்டுல பார்த்தா மீதியும் அதேதானே?

நீங்க ஈரோட்டுல எந்தப் பக்கம் சார்? நெட்டு யார்கிட்ட எடுத்திருக்கீங்க?

அட, செல்லமுத்து அண்ணன்கிட்டயேவா! அப்ப உங்க வீட்டுலயே ஆரம்பிச்சிரலாமே. ஏன் சார் பையை எடுக்கிறீங்க? இது கரூர்தான் சார், நீங்க ஈரோட்டுக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?